பக்கத்துக் கம்பத்தைப் பார்த்து

ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கொடிக்கம்பத்துக்கு இப்போது மோட்டார் வைத்துவிட்டார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் தொண்டிக்காரர் சாகுல் போன வாரம் போனில் சொன்னார். "அண்ணே, ஒரு பட்டன அமுக்குனா ஏறுது, இன்னொரு பட்டன அமுக்குனா எறங்குது. கயிறும் கெடையாது, கப்பியும் கெடையாது. நீங்கள்லாம் இத்தன வருசமா அந்தக் கம்பத்துக்கிட்ட என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நான் மனம் வருந்துவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கென்ன வருத்தம்? கடல் காற்றில் உப்பேறி முள்ளு முள்ளாக நின்ற அந்த நைலான் கயிறு என் உள்ளங்கையை உரித்த கதை எனக்குத்தான் தெரியும். அது ஒழிந்தது நல்லது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் அவரை யாராவது டியூட்டிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். ராஸ் அல் கைமாவுக்கு முதலில் போனது சிமெண்ட் ஆலைக்கு. அங்கே கொஞ்ச காலம் தூசி தின்றேன். பிறகு கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, ஏசி, குழாய், மின்சாரம் என்று கைக்கு வந்ததையெல்லாம் கற்றுக்கொண்டேன். கம்பெனி என்னை ஓர் அரசு அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டது. பத்திரங்களுக்கு முத்திரை போடும் அலுவலகம். காலையிலிருந்து மதியம் வரை கூட்டம் இருக்கும், அதன் பிறகு ஈ ஓட்டுவோம். சொட்டுகிற குழாயை இறுக்குவதும் எரியாத விளக்கை மாற்றுவதும்தான் என் வேலை. வாசலில் இருந்த கொடிக்கம்பமும் அதில் சேர்த்தி. கிழிந்த கொடியை மாற்ற வேண்டும், அழுக்கானால் துவைக்கப் போட வேண்டும், உத்தரவு வந்தால் அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கடைசி வேலையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் அபு சைஃப். அலுவலகத்தின் நிர்வாகப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த ஊர்க்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அபு சைஃப் என்றால் சைஃபின் தகப்பன் என்று அர்த்தம். அங்கே ஒரு வயதுக்கு மேல் மனிதர்களைப் பிள்ளையின் பெயரை வைத்துத்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கருப்பையா என்ற என் பெயர் அவர் நாக்கில் ஏறவில்லை. முன்பாதியை விட்டுவிட்டு 'அய்யா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அர்த்தம் தெரியாமலேயே என்னைக் கடைசிவரை அய்யா என்று கூப்பிட்ட மேலதிகாரி அவர் ஒருவர்தான். அர்த்தத்தை நான் சொல்லவில்லை. சொல்லிக் கெடுப்பானேன்?

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மூன்றாவது மாடியில் அவருக்கு அறை, கீழே படிக்கட்டுக்கு அடியில் எனக்குச் சாமான் அறை. மற்ற அதிகாரிகள் போன் அடித்தால் நாம் மேலே ஓட வேண்டும். அபு சைஃப் கொடி விஷயம் என்றால் தானே இறங்கி வருவார். வந்து, திறந்தே கிடக்கும் என் கதவை விரலால் தட்டுவார். நான் எழுந்து வெளியே வரும்வரை காத்திருப்பார். "அய்யா, இறக்கணும்" என்பார். பிறகு சண்டையில் இறந்த அந்த வீரனின் பெயரைச் சொல்வார். எந்த ஊர், யார் மகன் என்பதையும் சொல்வார். முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. கயிறு இழுக்கிறவனுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தேன். "யாருக்காக இறக்குறோம்னு தெரியாம இறக்கக் கூடாது" என்றார். அவர் என்னிடம் பேசியது அரபும் உருதுவும் கலந்த அந்த ஊர்ப் பேச்சில். இங்கே என் ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. கொடி ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கும். இருந்தாலும் கயிற்றை ஒருமுறை இழுத்து, அது உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, அங்கே சற்று நிறுத்த வேண்டும். பிறகு ஒரு கை விட்டு ஒரு கையாக, மெதுவாக இறக்க வேண்டும். ஷமால் என்கிற வடமேற்குக் காற்று அடிக்கிற நாளில் கொடி பாய்மரம் போலப் புடைத்துக்கொண்டு ஆளையே தூக்கப் பார்க்கும். அப்போதும் கயிற்றை வழுகவிடக் கூடாது. ஒருமுறை எனக்கு வழுகிவிட்டது. அபு சைஃப் திட்டவில்லை. "அய்யா, இது விழுந்தது. இறங்கல. மறுபடி ஏத்து" என்றார். மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினேன். அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் வெயிலில் நின்றபடி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார். சரியான இடத்துக்கு வந்ததும் உள்ளங்கையைக் காட்டுவார். நான் கயிற்றைக் கம்பத்தின் இரும்புக் காதில் எட்டுப்போலச் சுற்றிக் கட்டுவேன். "கலாஸ், முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். துக்க நாட்கள் முடிந்ததும் வந்து மறுபடி கதவைத் தட்டுவார், ஏற்றுவோம்.

வருடத்தில் ஒருநாள், உயிர் கொடுத்த வீரர்கள் எல்லாரையும் நினைத்துக் காலையில் இறக்கி முற்பகலிலேயே ஏற்றுகிற வழக்கமும் உண்டு. அது முன்கூட்டியே தெரிந்த நாள். திடீரென்று வருகிற உத்தரவுதான் கடினம். எல்லை தாண்டி ஒரு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்தக் காலையில் அவர் கதவைத் தட்டுவாரோ என்று இருக்கும்.

எங்கள் அலுவலகம் இருந்த தெரு முழுக்க அரசு அலுவலகங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கம்பம், ஒவ்வொரு கம்பத்துக்கும் என்னைப்போல ஓர் ஆள். அவர்களுக்கெல்லாம் அபு சைஃப் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உத்தரவு அதிகாரியிடமிருந்து கம்பெனிக்குப் போய், கம்பெனியிலிருந்து ஃபோர்மேனுக்குப் போய், ஃபோர்மேன் வேறு சைட்டில் இருந்தால் போன் எடுக்காமல், கடைசியில் வந்து சேரும்போது தாமதமாகிவிடும். தெரு முழுக்கக் கொடிகள் அரைக்கம்பத்தில் நிற்கும்போது ஒரு கொடி மட்டும் உச்சியில் பறந்தால் எப்படி இருக்கும்? அந்த ஆளைக் கூப்பிட்டு வறுத்தெடுப்பார்கள். இரண்டொருவர் அதனால் வேலையே இழந்தார்கள். ஆகவே எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் பக்கத்துக் கம்பத்தைப் பார்ப்பது. அது இறங்கியிருந்தால் தன்னுடையதையும் இறக்கிவிடுவது. உத்தரவு பின்னால் வந்து சேரட்டும். பல தடவை இது சரியாகவே நடந்ததால் அதுவே முறை என்று ஆகிவிட்டது.

அபு சைஃபுக்கு இது தெரியும், பிடிக்காது. என்னிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "அய்யா, கண்ணால பாத்து இறக்காத. என் வாயால கேட்டு இறக்கு."

ஏன் என்று கேட்டேன்.

"முதல்ல அந்த வீட்டுக்குத் தெரியணும். அப்புறந்தான் கொடிக்குத் தெரியணும்" என்றார்.

அவர் அதை அனுபவத்திலிருந்து சொன்னார். ராணுவத்தில் இருந்தபோது சாவுச் செய்தியைச் சொல்ல வீடுகளுக்குப் போன ஆள்களில் அவரும் ஒருவர். ஓய்வு பெற்ற பிறகும், எங்கள் வட்டாரத்து வீடு என்றால் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். வேலை நாளில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனால் உள்ளே பேச்சு அடங்கிவிடும்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தின் முத்திரை மேசையில் உம் ராஷித் என்று ஓர் அம்மா இருந்தார். ராஷித்தின் தாய். கணவர் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. ராஷித் ராணுவத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தான். அந்த அம்மாவுக்கு வாய் அதிகம். அபு சைஃபைப்போல என்னை அய்யா என்பார், என் அரபைக் கேட்டுச் சிரிப்பார், பிறகு திருத்துவார், பிறகு ஃபிளாஸ்கிலிருந்து காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்து இரண்டு பேரீச்சம்பழமும் வைப்பார். "உன் பொண்டாட்டி உனக்கு எப்படித்தான் சோறு போட்டாளோ, எலும்பா இருக்கியே" என்பார். அப்படிப்பட்டவர்.

அன்று காலை நான் பின்பக்கத்தில் ஏசி வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து அலுவலகத்தின் ஆள் சிவநேசன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், பதற்றமான மனிதர், ஆனால் தங்கமானவர்.

"அண்ணை, என்ன இது? உங்கட கொடி மட்டும் மேல நிக்குது. நான் இறக்கிப்போட்டன். தெருவில எல்லாரும் இறக்கிப்போட்டினம்."

"உத்தரவு வந்துச்சா?"

"உத்தரவோ? பக்கத்துக் கொடி இறங்கியிருக்கு, பிறகென்ன உத்தரவு?"

வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். உண்மைதான். தெருக்கோடி வரை எல்லாக் கொடிகளும் அரைக்கம்பத்தில் நின்றன. எங்களுடையது மட்டும் உச்சியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அபு சைஃப் வரவில்லை. அன்று காலை அவர் அலுவலகத்துக்கே வரவில்லை. போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறார் என்றால் எதற்குப் போயிருப்பார் என்பது எனக்கும் தெரியும்.

நான் போனைக் காதில் வைத்தபடி நிற்கும்போதே உம் ராஷித் வெளியே வந்தார். மாடி ஜன்னலிலிருந்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கையில் போன் மட்டும் இருந்தது. நேராக என்னிடம் வந்து, "அய்யா, யாருக்கு?" என்று கேட்டார்.

அபு சைஃப் என்னிடம் பெயர் சொல்லுவார் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் என்னிடம் வந்தார்.

"எனக்கு உத்தரவே வரலம்மா. அவரு இன்னும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"பொய் சொல்லாத. என்கிட்ட மறைக்கச் சொன்னாரா?"

"சாமி சத்தியமா இல்லம்மா. வந்திருந்தா இது மேல நிக்குமா?"

அவர் எங்கள் கொடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "ராஷித்துக்கு அடிச்சிக்கிட்டே இருக்கேன். ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறான். வீட்டுல யாரும் இல்ல. ஆளுங்க வந்தா பூட்டுன கதவத்தான் தட்டணும். அப்புறம் இங்கதான் வருவாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது. கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த கல் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே இருந்து இரண்டு பெண்கள் வந்து அவரை அழைத்தார்கள். வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் ஃபோர்மேன் வர்கீஸ் போன் அடித்தார். மலையாளி, கம்பெனிக்கு உண்மையாக உழைக்கிறவர், பயம் அதிகம்.

"கருப்பையா, எந்தா இது? எல்லாக் கொடியும் தாழ கிடக்கு, உன்னோடது மட்டும் மேல. இப்ப அந்த வழியா வந்த டிரைவர் விளிச்சுச் சொன்னான். வேகம் இறக்கு!"

"அரபி இன்னும் சொல்லல சார்."

"அரபி சொல்லலன்னா என்ன? மொத்தத் தெருவும் சொல்லுதே! கம்பெனிக்குக் கேடு வந்தா உன்னை நாளைக்கே ஊருக்குப் பிளேன் கேத்தும். மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. கயிற்றுக்கிட்டே போனேன். இரும்புக் காதிலிருந்து முதல் சுற்றைப் பிரித்தேன். உம் ராஷித் எழுந்து நின்றுவிட்டார்.

"இறக்காத" என்றார். சத்தம் போடவில்லை. "இதுவும் இறங்கிட்டா எனக்குக் கால் நிக்காது."

அந்த நேரத்தில் நான் யோசித்தது இதுதான். உத்தரவு உண்மையாக இருந்தால், நாட்டுக்காக உயிர் விட்டவனுக்கு நான் மரியாதை செய்யத் தவறுகிறேன். அது பெரிய குற்றம். ஆனாலும் அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், தாமதமாகவாவது இறக்கிவிடலாம். உத்தரவு பொய்யாக இருந்து நான் இறக்கினால், உயிரோடு இருக்கிற ஒருவனை அவன் தாய் கண் முன்னால் நான் சாகடிக்கிறேன். அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? பிரித்த சுற்றை மறுபடி சுற்றினேன். வர்கீஸிடம், "சார், அவரு வாயால சொல்லட்டும், அப்ப எறக்குறேன். ஊருக்கு அனுப்புறதுன்னா அனுப்பிக்கங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்தேன். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. சிவநேசன் சுவருக்கு அந்தப் பக்கம், "முருகா, இந்த மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

அப்போது அபு சைஃபின் வெள்ளை வண்டி வந்து நின்றது.

அவர் இறங்கினார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எப்போதும் தூக்கி நிற்கும் தலை தொங்கியிருந்தது. கண்கள் சிவந்து ஈரமாக இருந்தன. கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு உம் ராஷித்தை நோக்கி மெதுவாக நடந்து வந்தார்.

அந்த அம்மா அசையாமல் நின்றார். உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. இப்படி எத்தனை வாசல்களில் எத்தனை தாய்மார்களை நோக்கி அவர் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இறக்காமல் இருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று என்று தோன்றியது.

அருகே வந்து அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஏதோ குழறினார். கையை ஆட்டினார். மறுபடி குழறினார். உம் ராஷித் கண்ணை மூடிக்கொண்டார். அபு சைஃப் திரும்பி, வாய்க்குள் விரலை விட்டு, ரத்தம் தோய்ந்த பெரிய பஞ்சு ஒன்றை வெளியே எடுத்தார்.

"பல்லு" என்றார். "பல்லு புடுங்குனாங்க. நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

பல் டாக்டரிடம் போனதால் போனை அணைத்து வைத்திருக்கிறார். கடைவாய்ப்பல். பாதி முகம் மரத்துக் கிடந்தது. ராணுவத்தில் இருந்தவர், பல் வலிக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். உம் ராஷித் தெருவைக் கை காட்டினார். அப்போதுதான் அபு சைஃப் கொடிகளைப் பார்த்தார்.

அவருக்கும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அதனால் நிம்மதி வந்துவிடவில்லை. அவர் டாக்டரின் நாற்காலியில் கிடந்த நேரத்தில் உத்தரவு வந்திருக்கலாம். போனைத் திறந்து, உத்தரவு அனுப்புகிற இடத்துக்கு அடித்தார். மரத்த நாக்கை வைத்துக்கொண்டு அவர் கேட்டது அந்தப் பக்கம் இருந்தவருக்கு விளங்கவில்லை. 'யார், யார்' என்று கேட்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. இரண்டு முறை முயன்றார். பிறகு போனை உம் ராஷித்திடம் நீட்டினார்.

அந்த அம்மா வாங்கத் தயங்கினார். யாருக்குத்தான் தைரியம் வரும்? வேறு யாராவது கேட்டுச் சொல்லலாமே என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர் வாங்கினார். முத்திரை மேசையில் ஆள்களைக் கேள்வி கேட்கிற அதே குரலில், எந்த அலுவலகம் என்பதைச் சொல்லி, "இன்னிக்குக் கொடி இறக்க உத்தரவு இருக்கா?" என்று கேட்டார். "யாருக்கு?" என்று அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிறார்களோ, யாரையோ கேட்கிறார்களோ, ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் போனை அபு சைஃபிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மாஃபி" என்றார். "இல்லியாம். யாருக்கும் இல்லியாம். எங்க இறக்கியிருக்குன்னு அவங்க என்னைக் கேக்குறாங்க."

சிவநேசன் சுவருக்கு மேலே இருந்தபடியே தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அப்ப நான் ஏன் இறக்கினனான்?"

நல்ல கேள்வி. அபு சைஃப் அவரைப் பார்த்து விரலால் கூப்பிட்டார். எதற்கு இறக்கினாய் என்று கேட்டதும் சிவநேசன் அடுத்த கம்பத்தைக் காட்டினார். அடுத்த கம்பத்துக்குப் போனோம். அவன் அடுத்ததைக் காட்டினான். அதற்கடுத்தவன் அவனுக்கடுத்ததைக் காட்டினான். தெருவில் நாங்கள் ஓர் ஊர்வலம் போலப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் வீங்கிய கன்னத்தோடு அபு சைஃப், பின்னால் நான், சிவநேசன், ஒவ்வொரு கம்பத்திலும் சேர்ந்துகொண்ட ஆள்கள். அவர் அங்கங்கே நின்று கையை மேலே காட்டுவார், கொடி ஏறும், அடுத்த இடத்துக்குப் போவோம். உம் ராஷித்தும் கூடவே வந்தார். உள்ளே போங்கள் என்று அபு சைஃப் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. 'யாருக்கும் இல்லை' என்று கேட்ட பிறகும் அவர் முகம் தெளியவில்லை. மகன் குரலைக் கேட்கும்வரை தெளியாது.

பாதித் தெருவில் உம் ராஷித்தின் போன் அடித்தது.

ராஷித்தான். அம்மா நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம். முதலில் மகன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, திட்டினார். என்ன திட்டு! எனக்குத் திருத்திச் சொல்லிக் கொடுத்த அரபில் இந்தச் சொற்கள் எதுவும் இல்லை. தூங்கினாயா, செத்தாயா, போனை எதற்கு வாங்கிக் கொடுத்தேன் என்றார். டியூட்டியில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவன் சொல்லியிருப்பான். அபு சைஃப் சிரிக்கப் பார்த்து, தாடை வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். எந்தக் கடவுளுக்கு என்று பார்க்கவில்லை, அந்தத் தெருவில் எல்லாருக்கும் சேர்த்தே சொன்னேன்.

தெருக்கோடிக்கு வந்தோம். கடைசிக் கம்பம். அங்கேதான் இது தொடங்கியது. அந்தக் கம்பத்தின் ஆள் ஆலம், வங்காளதேசத்துக்காரன், கையில் எண்ணெய் டப்பாவோடு எதிரே வந்தான். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே போட்டுவிட்டான். அவன் கம்பத்தில் கயிறு நைந்துபோயிருந்தது. புதுக் கயிற்றைப் பழைய கயிற்றின் நுனியில் முடிந்து இழுத்திருக்கிறான். கொடியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவன் தனி ஆள். கழற்றிய கொடியைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. கொடியைத் தரையில் வைக்கக் கூடாது என்று பயந்து, கொடியோடேயே மாற்றப் பார்த்திருக்கிறான். கொடி பாதியில் இருக்கும்போது முடிச்சு கப்பியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எண்ணெய் தேடிப் போனான். அதைப் பார்த்து அடுத்தவன் இறக்கினான். கொடியைத் தரையில் படவிடாத மரியாதை, தெருவையே துக்கம் காக்க வைத்துவிட்டது.

"நான் தப்பு செஞ்சிட்டேன் பாய்" என்று அவன் அழ ஆரம்பித்தான். அபு சைஃப் அவன் தோளைத் தட்டி, கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இழுத்தேன். கல் மாதிரி இருந்தது. எங்களுக்குப் பின்னால் தெருவில் எல்லாக் கொடிகளும் உச்சிக்குப் போய்விட்டன. இது ஒன்றுதான் பாதியில் நின்றது. உம் ராஷித் நடுத்தெருவில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் காதில்தான் இருந்தது. "வைக்காத, இரு" என்று மகனிடம் சொல்வது கேட்டது. அவன் ஏதோ சொன்னான். "சாப்பாடு எங்கயும் ஓடிடாது, இரு!" என்று அதட்டினார்.

பிறகு எங்களைப் பார்த்து, "இதயும் ஏத்துங்க. எந்தத் தாய் இதப் பாத்துக்கிட்டு நிக்கிறாளோ" என்றார்.

பலம் கொண்டு இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும். கயிற்றின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, விட்டு விட்டு ஆட்டி, முடிச்சைத் தளர்த்த வேண்டும். நான் ஒரு பக்கம், சிவநேசனும் ஆலமும் மறுபக்கம். அவர்கள் தளர்த்தும்போது நான் இழுப்பேன், நான் தளர்த்தும்போது அவர்கள் இழுப்பார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. அபு சைஃபும் தலைத்துணியைப் பின்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்துக் கயிற்றைப் பிடித்தார். அவர் கயிற்றைத் தொட்டு நான் பார்த்ததே அன்றுதான். மேலே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கயிறு கையில் லேசாயிற்று. கொடி ஏறியது. நாங்கள் யாரும் அவசரப்படவில்லை. ஒரு கை விட்டு ஒரு கையாக ஏற்றினோம். உச்சியைத் தொட்டதும் காற்று அதை விரித்தது.

"சரி, இப்ப வை. போய்ச் சாப்பிடு. ஒண்ணுமில்ல, நான் வேலையிலதான் இருக்கேன்" என்றார் உம் ராஷித். கொடியைப் பற்றி மகனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை அணைத்து அங்கிக்குள் வைத்தார். அதன் பிறகு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், சத்தமாக, சின்னப் பிள்ளை போல அழுதார்.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலைந்து நாட்டு ஆண்பிள்ளைகள், கையில் கயிறும் எண்ணெயுமாக விழித்துக்கொண்டு நின்றோம். அபு சைஃப்தான் மரத்த வாயால், "எல்லாரும் கொடியப் பாருங்க" என்றார். நாங்கள் உம் ராஷித்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அண்ணாந்து கொடியைப் பார்த்தோம். அந்த அம்மா அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.